நூறு கோடியே ஏழு

22.10, புதன்

மழை, விட்டுவிட்டு. இன்று முதல் நாட்குறிப்பைக் கறுப்பு மையில் எழுதுவதென்று முடிவு செய்துள்ளேன். பள்ளியில் முப்பத்தாறு ஆண்டு சிவப்பு மை. ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு நீலம். இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. இரண்டு வாரம் சாதக பாதகங்களை எடைபோட்டு, காலை ஆறு மணிக்குப் பார்வதியிடம் முறைப்படி அறிவித்தேன்.

"சரி, பால் வாங்கிட்டு வாங்க."

வரலாறு திரும்பும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

7.15. மச்சினன் கோமதிநாயகத்திடமிருந்து போன். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை, பத்து வருடமாகச் சர்க்கரை. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் இடது காலில் ஆணி குத்தியிருக்கிறது. வலி இல்லை. செருப்பில் ரத்தம் பார்த்துத்தான் தெரிந்ததாம். கோயில் புற்றுமண்ணைப் பூசி, அதன்மேல் துணி சுற்றி, அதன்மேல் தீபாவளி வியாபாரம் முழுவதையும் நடத்தி முடித்திருக்கிறான். மனைவி, மகள் பேறுகாலத்துக்குக் கோயம்புத்தூரில். "ஒரு எட்டு ஆஸ்பத்திரி வரை வாங்க அத்தான்" என்று அவன் சொல்லமாட்டான். எட்டு என்ற சொல்லை வாயால் எடுப்பதில்லை. "சித்த வாங்க" என்றான்.

போய்த் துணியை அவிழ்த்தேன். சுண்டுவிரல் நாவல்பழ நிறம். சட்டைப் பையில் ஒரு பிடி மல்லிகை வைத்திருக்கிறான். அந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை.

தனியார் ஆஸ்பத்திரி. இன்றுதான் அங்கே புதுக் கம்ப்யூட்டர். திரைக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். கவுண்டர் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணாச்சி, நீங்கதான் ஃபர்ஸ்ட்! புது சிஸ்டத்துல மொத நம்பர் உங்களுக்கு!" சொல்லிவிட்டு, சர்க்கரைக் காலைக் காட்ட வந்தவனுக்கு ஒரு லட்டு கொடுத்தாள். அவனும் தின்றான்.

நம்பர்: 1000000007.

எலும்பு, ரத்தம் எல்லாம் பார்த்து முடிய மதியம் ஆனது. டாக்டரம்மா வீண் பேச்சு இல்லாதவர். "சுண்டுவிரல் போயிரும். இன்னைக்கே அட்மிட் ஆனா அதோட நிறுத்திரலாம். தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல."

கோ.நா. சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் ஏழும். நூறு கோடியைக் கூட்டி முடிக்க அவனுக்கு அரை நொடி.

"அத்தான், எட்டுல்லா வருது." சொல்லிவிட்டு உடனே வாயைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா: "என்ன எட்டு?"

"நடுவுல சைபரும் எத்தனைன்னு எண்ணிப் பாருங்கம்மா. அதுவும் அதான்."

எண்ணினேன். எட்டு சைபர். உண்மையை மறைத்து என்ன பயன்.

இவனுக்கும் சனியின் எண்ணான எட்டுக்கும் உள்ள பகை ஊரறிந்தது. போன் நம்பர், வேன் நம்பர், கல்யாணத் தேதி எல்லாம் கூட்டிப் பார்த்து எடுத்தவை. கடைப் பலகையில் இங்கிலீஷ் பெயருக்கு ஒரு எழுத்து கூடுதல். அவன் அப்பா இறந்தது ஒரு பதினேழாம் தேதி. வேன் கவிழ்ந்தது ஒரு இருபத்தாறாம் தேதி. மகள் புக்கக வீட்டின் கதவு எண் 35. அங்கே இன்றுவரை கை நனைத்ததில்லை, காப்பிகூட வாசலில் நின்றுதான். மற்ற தேதிகளில் இறந்தவர்களையும் கவிழ்ந்தவைகளையும் பற்றிக் கேட்டால், அதெல்லாம் விதி என்பான்.

"இந்த நம்பரப் போட்டுக்கிட்டு கத்திக்குக் காலக் குடுக்க மாட்டேன். வேற நம்பர் குடுங்க."

கவுண்டர் பெண்: "ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்தான் அண்ணாச்சி. புது ஆளா பதிஞ்சாத்தான் புது நம்பர் வரும்."

"அப்ப நான் நாளைக்குப் புது ஆளு."

வாசல்வரை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், நீங்க கணக்கு வாத்தியார். அது எட்டு இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பமே போய்ப் படுக்குதேன்."

ஒன்றும் ஏழும் எட்டு என்று சொன்னேன்.

மாலை. மின்சாரம் இல்லை, தெருவில் தறிச் சத்தம் நின்று ஊரே காது அடைத்ததுபோல். பொழுது போக அந்த எண்ணை வகுத்துப் பார்த்தேன். இரட்டை அல்ல. மூன்று போகாது. ஏழால் வகுத்தால் மீதி 6. பதினொன்றால், 6. பதிமூன்றால், 6. பதினேழுக்கு 14. பத்தொன்பதுக்கு மறுபடியும் 6. பகா எண்ணாக இருக்கும் என்று சந்தேகம். உறுதி செய்ய வேண்டுமானால் முப்பத்தோராயிரத்துச் சொச்சம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்தாக வேண்டும். அவை மூவாயிரத்துக்கும் மேல். ஓய்வுபெற்றவனுக்கு இது பெரிய விஷயமல்ல. 97 வரை இன்று முடித்தேன். ஒன்றும் போகவில்லை.

23.10, வியாழன்

மழை இல்லை, மூட்டம். பால் தண்ணீர்.

கோ.நா. புது ஆளாகப் பதிந்தான். இனிஷியலில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டான். வயதில் ஒன்று குறைத்தான். பழைய ரத்த அறிக்கையெல்லாம் பழைய நம்பரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் மறுபடியும் ஊசி, மறுபடியும் படம். நம்பர் வர மதியம் பன்னிரண்டு ஆனது.

1000000574.

ஒன்றும் ஐந்தும் ஆறு, ஏழு பதிமூன்று, நாலு பதினேழு. ஒன்றும் ஏழும்.

கோ.நா. பையிலிருந்த மல்லிகையை எடுத்து முகர்ந்தான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து உங்களப் பாத்த மாதிரி இருக்கே?"

"அது வேற நம்பர், டாக்டர்."

அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நேத்து ஒரு விரல். இன்னைக்கு ரெண்டு. நாளை வரைக்கும் இருந்தா எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க, சார் கணக்கு வாத்தியாராமே."

தொடர்வரிசையில் அடுத்த உறுப்பைக் கணிக்க இரண்டு உறுப்பு போதாது. இதைச் சொல்லவில்லை.

கோ.நா. மறுத்துவிட்டான். "ரெண்டு தடவையும் அதே வந்தா, அது என்னையத் தேடித்தான் வருது அத்தான்."

ஒன்பதில் ஒரு வாய்ப்பு. தொடர்ந்து இரண்டு முறை என்றால் எண்பத்தொன்றில் ஒன்று. அபூர்வமில்லை என்று ஆறுதல் சொன்னேன். ஆட்டோ வரும்வரை அவனை உட்காரவைத்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களிடம் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சும்மா, ஒப்பீட்டுக்கு.

பனவடலிசத்திரத்துக்காரர், நாய்க்கடி: 1000000583
இருமல், பெயர் சொல்லவில்லை: 1000000592
கைக்குழந்தை, பேதி: 1000000601
நடுவயது அம்மாள், தலைசுற்று: 1000000610
சைக்கிளில் விழுந்தவர்: 1000000619

வரிசையாகக் கூட்டினேன். 17, 17, 8, 8, 17.

நாய்க்கடிக்காரர்: "என்ன வாத்தியாரே, லாட்டரியா?"

"ஆமா."

"விழுந்திருக்கா?"

"எல்லாருக்கும் விழுந்திருக்கு."

ஒன்பது ஒன்பதாக ஏறுகிறது. 574, 583, 592. எந்த எண்ணோடும் ஒன்பதைக் கூட்டினால் ஒன்பதால் வகுத்து வரும் மீதி மாறாது. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் வருவதும் அந்த மீதிதான். முதல் எண்ணுக்கு மீதி எட்டு. ஆகவே இரண்டாவதுக்கும் எட்டு. நூறாவதுக்கும் எட்டு. கடைசி நோயாளிக்கும் எட்டு. இந்த ஆஸ்பத்திரியில் எட்டு அல்லாத ஆள் கிடையாது. இனிப் பதிய இருப்பவனுக்கும், இன்னும் பிறக்காதவனுக்கும்.

வரவேற்பறையில் நாற்பது பேர் இருந்தார்கள். தெரிந்தது எனக்கு மட்டும். கொஞ்சநேரம் குளிர்ந்தது. மின்விசிறியாக இருக்கலாம்.

கோ.நா.விடம் சொல்லவில்லை. சொன்னால் இந்த வாசலையே மிதிக்கமாட்டான். சொல்லாவிட்டால் வேறு நம்பர் வரும் என்று நம்பி வந்துகொண்டே இருப்பான். இரண்டில் எது நல்லது என்று ஆட்டோவில் யோசித்துக்கொண்டு வந்தேன். வீடு வந்துவிட்டது.

24.10, வெள்ளி

காலையில் நல்ல மழை. கந்தசஷ்டி என்பதால் கோ.நா. மார்க்கெட்டை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டான். நாளை வருவானாம். திருநெல்வேலியில் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "சஷ்டி வியாபாரத்த விட்டுட்டா? நல்ல நம்பரா வரட்டும், நம்மூர்லயே படுக்குதேன்." நின்றுகொண்டே ஏலம் விடுகிறான், காலில் பாலிதீன் பை கட்டி. பக்கத்துக் கடைக்காரர் இரண்டடி தள்ளி நாற்காலியைப் போட்டிருந்தார். மழைக்கு என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் நிரலை எழுதியது யார் என்று கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன். "தென்காசில ஒரு அண்ணன். முத்துக்குமார்." போன் நம்பர் கொடுத்தாள். இந்த ஊரில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப்பேருக்கு நான்தான் கணக்கு. எடுத்ததுமே "சார்!" என்றான். நின்றுகொண்டு பேசுகிறான் என்பது குரலில் தெரிந்தது. எட்டாம் வகுப்பு, பி பிரிவு, ஜன்னலோரம்.

ஏன் நூறு கோடியே ஏழில் ஆரம்பித்தாய் என்றேன்.

"பத்து இலக்கம் இருந்தாத்தான் சார் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு சொன்னாங்க. நூறு கோடியில ஆரம்பிக்கணும். ஏழு எதுக்குன்னா, அது ப்ரைம் சார். பத்து இலக்கத்துல மொத ப்ரைம் அதுதான். எங்க தொழில்ல எல்லாரும் வச்சு விளையாடுத நம்பர்."

ஆக, பகா எண்தான். புதன் மாலை தொடங்கிய வகுத்தலை நிறுத்தலாம். 1,009 வரை வந்திருந்தேன்.

"இன்னொண்ணு சார். அதுக்கு ரெண்டு தள்ளி, நூறு கோடியே ஒம்பது, அதுவும் ப்ரைம். ரெட்டப் பிள்ளைக."

கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஒன்பதும் பத்து, ஒன்று. சூரியனின் எண். கோ.நா. ஓடிப்போய்ப் படுத்திருப்பான். ஆனால் அந்த இரட்டையரில் நல்லவன் யாருக்கும் வரமாட்டான். நிரல் ஒன்பது ஒன்பதாகத் தாவும்போது அவனைத் தாண்டிப் போய்விடும்.

ஒன்பதாக ஏன் ஏற்றுகிறாய் என்றேன்.

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார்." சந்தோஷமாகச் சொன்னான். "கூட்டல் சரியான்னு பாக்க ஒம்பதால வகுத்து மீதியப் பாருன்னு சொல்லுவீங்கல்ல? அதே. நர்சு ஒரு இலக்கத்தத் தப்பா அடிச்சா மீதி எட்டு வராது. சிஸ்டம் வாங்காது. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல ஏறாது."

இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்தால் இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. சைபருக்குப் பதில் ஒன்பது அடித்தாலும் கண்டுபிடிக்காது. இதையும் வகுப்பில் சொன்னேன். அன்று அவன் லீவு போலும்.

நடந்ததைச் சொன்னேன். விசைப்பலகையில் ஏதோ தட்டினான். பிறகு, "சார், அந்தச் சோதனைய ஒரு நாள் ஆஃப் பண்ணிட்டு, உங்க மச்சினருக்கு மட்டும் நான் கையால ஒரு நம்பர் போட்டுத் தாரேன். எது வேணும், ஒண்ணா, ஆறா?"

ஆஃப் செய்த ஒரு நாளில் நர்சு தவறாக அடித்தால்?

"அடிக்க மாட்டாங்க சார். பெரும்பாலும்."

வேண்டாம் என்றேன். நாற்பது பேர் ரத்தத்தைப் பணயம் வைத்து ஒருவன் பயத்துக்கு மருந்து போடுவது முறையல்ல. பேசி முடித்தபோது மனம் நிறைந்திருந்தது. நேர்மையாக ஒன்று செய்தால் வரும் நிறைவு. கணக்கில் இதுவரை இரண்டு விரல்.

இரவுச் சாப்பாட்டின்போது பார்வதியிடம் எல்லாம் சொன்னேன். ஒன்பதின் மீதியைத் தட்டில் இட்லித் துண்டுகளை வைத்து விளக்கினேன்.

"இப்ப அவன் எத்தன தடவ போனாலும் அதேதான் வருமா?"

"அதேதான்."

"இது உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"நேத்து மதியம்."

இட்லித் துண்டுகளை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

25.10, சனி

வெயில், மழைக்கு நடுவே. மூன்று பேரும் போனோம். கோ.நா. இன்று பெயரையே மாற்றிவிட்டான், பதிவேட்டில் ஜி. நாயகம். கவுண்டர் பெண் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. அவன் சீட்டைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து நகர்த்தினாள்.

1000001888.

மூன்று எட்டுகள், பக்கம் பக்கமாக, எந்த மறைப்பும் இல்லாமல். மொத்தம் 26. அதையும் கூட்டினால் இன்னொன்று. கணக்கின்படி இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. இருநூற்று ஒன்பதாவது தாவலில் இது வந்தே ஆகவேண்டும். உலகம் தோன்றுவதற்கு முன்பே தீர்மானமான விஷயம். கணக்கு தெரிந்தவனுக்கு இது ஆறுதல். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கோ.நா. சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து ஒரு வாரம் ஆகிறது, நன்றாக இல்லை. "அத்தான், பாத்தியளா. சனீஸ்வரன் கையெழுத்தே போட்டுட்டான்."

பார்வதி: "ஏலே, கூறுகெட்டவனே, கால் போகுதுலே! நம்பராலே நடக்கப்போற?"

"நீ சும்மா இரு அக்கா. கால் போனா கால். இதுல படுத்தா ஆளே போயிருவேன்."

டாக்டரம்மா வராந்தாவுக்கே வந்துவிட்டார். பாலிதீனை அவிழ்க்கச் சொன்னார். எதிர் பெஞ்சில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். விரல் ஐந்தும் ஒரே நிறம். பாதத்தின் மேல்புறம் ஒரு கோடு. அதற்கு இப்பால் தோல், அப்பால் வேறு ஏதோ. டாக்டரம்மா பேனாவை எடுத்து அந்தக் கோட்டின்மேலேயே ஒரு கோடு போட்டார்.

"இது எங்க போய் நிக்குதுன்னு தினம் பாருங்க. இன்னைக்குப் பாதி பாதம். கோடு தாண்டுச்சுன்னா..." என்னிடம் திரும்பி, "சார், படிச்சவங்க. நீங்க சொன்னா கேக்கமாட்டாரா?"

கேட்பான். அதுதான் சிக்கல். என் சொல்லை அவன் கேட்பதற்குக் காரணம், கணக்கில் நான் இதுவரை யாருக்கும் பொய் சொன்னதில்லை என்பது.

வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டோம். எங்கள் வீட்டுக்கு. பார்வதி விடவில்லை.

26.10, ஞாயிறு

தேதி 26. ஆகவே கோ.நா. கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று உத்தரவு. காய்ச்சல் காலை 101, மதியம் 102, மாலை 103. சீராக ஏறுகிறது, கூட்டுத்தொடர்.

மழை. ஜன்னலைத் திறந்துவைத்தும் அறையில் நிற்க முடியவில்லை. மார்க்கெட்டிலிருந்து அவன் ஆள் இரண்டு கிலோ மல்லிகை கொண்டுவந்து கட்டிலைச் சுற்றிப் பரப்பிவிட்டுப் போனான். நல்ல எண்ணத்தில்தான். பார்வைக்கு வேறு மாதிரி இருந்தது. பார்வதி பூவையெல்லாம் வாரிக் கூடையில் போட்டு வெளியே வைத்தாள்.

டாக்டரம்மா போட்ட கோட்டைப் பார்த்தேன். காலின் கறுப்பு நிறம் கோட்டைத் தாண்டியிருக்கிறது. ஒரு விரற்கடை. மாலையில் இரண்டு.

கோ.நா. அரைத் தூக்கத்தில் எண்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறான். ஏலக் குரலில். "அஞ்சும் ஏழும் பன்னெண்டு... பன்னெண்டும் அஞ்சும்... யாருவே அது, குறைச்சுச் சொல்லுதது?"

பார்வதி அடுப்படியில் என்னை நிறுத்தினாள்.

"நாளைக்குப் போறோம். நம்பர் வந்ததும் நீங்க பாத்துட்டு ஏழுன்னு சொல்லுங்க."

"வரப்போறது எட்டு."

"அதான் எனக்கும் தெரியுமே. ஏழுன்னு சொல்லுங்க."

"பார்வதி, அவன் கூட்டத் தெரியாதவனா? ரோஜா விலையையே நிமிஷத்துல..."

"எப்படியாவது சொல்லுங்க. மத்தவங்களுக்கு எப்படியெல்லாம் சொல்லிக்குடுத்திய. ஒரு எட்ட ஏழாக்கத் தெரியாதா?"

முப்பத்தாறு ஆண்டில் ஒருவனுக்கும் சும்மா ஒரு மதிப்பெண் போட்டதில்லை என்றேன். தலைமையாசிரியர் மகன் முப்பத்துநாலு எடுத்தபோதும் முப்பத்துநாலுதான் போட்டேன் என்றேன்.

"தெரியும். அந்தப் பையன் படிப்ப விட்டுட்டு திருப்பூருக்குப் போனான்." கரண்டியை வைத்தாள். "உங்க கணக்கு ஒண்ணும் செத்துப்போகாது. இவன் என் தம்பி."

யோசித்தேன். வழி இருக்கிறது. முதல் நாளே இருந்தது. பத்து இலக்கத்தில் முதலில் நிற்கும் அந்த ஒன்று. பெரிய ஆஸ்பத்திரி மாதிரித் தெரிவதற்காக வைத்த ஒன்று. முத்துக்குமார் வாயாலேயே சொன்னது. அதை எண்ணில் சேர்க்காமல் விட்டால் எல்லா நம்பருக்கும் ஏழுதான் வரும். நூறு கோடியே ஏழில் மிஞ்சுவது வெறும் ஏழு. ஆனால் அது இலக்கம். சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

அதை விட்டுவிடுவதென்று முடிவு.

27.10, திங்கள்

மழை இல்லை. ஆட்டோவில் அவனைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். கால் பார்வதியின் மடியில்.

1000002167.

கோ.நா. சீட்டை என்னிடம் நீட்டினான். அவன் கூட்டவில்லை, கண் செருகியிருந்தது. "நீங்களே பாருங்க அத்தான். எனக்குப் பயமா இருக்கு."

பார்த்தேன். சத்தமாகச் சொன்னேன்: "மாப்ளே, இந்த மொத ஒண்ணு நம்பர்ல சேராது. அது ஆஸ்பத்திரியோட அடையாளம், வண்டி நம்பருக்கு முன்னால ஊர் எழுத்து போடுத மாதிரி. கம்ப்யூட்டர் போட்டவன்கிட்டயே கேட்டுட்டேன், என் பழைய மாணவன். ரெண்டு, ஒண்ணு, ஆறு, ஏழு. பதினாறு. ஏழு."

"ஏழா?"

"ஏழு."

கவுண்டர் பெண் என்னைப் பார்த்தாள். பார்வதி அவளைப் பார்த்தாள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோ.நா.வின் முகம் மெல்ல மாறியது. ஒரு வாரமாக இழுத்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்த மாதிரி. மறுகேள்வி இல்லை, சந்தேகம் இல்லை. "அத்தான் சொன்னா சரி" என்று சக்கர நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தான். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது எதையோ நினைத்துத் திரும்பினான்.

"அப்ப மொத நாள் வந்ததும் ஏழுதான?"

"ஆமா."

"ரெண்டாவது?"

"அதுவும்."

"இத மொத நாளே சொல்லியிருக்கலாம்லா அத்தான்?" கோபமில்லை. நிஜமாகவே கேட்டான்.

அன்றைக்குத் தெரியாது மாப்ளே என்றேன். இன்றைக்கு இரண்டாவது பொய்.

மதியம் ரத்தம் ஏற்றினார்கள், ஊசி வழியாக மருந்து. இந்த நம்பருக்கென்று மறுபடியும் எல்லாப் பரிசோதனையும். டாக்டரம்மா காலைப் பார்த்தார், தான் போட்ட பழைய கோட்டைத் தேடினார், கிடைக்கவில்லை. புதுக் கோடு போடவில்லை. வெளியே வந்து கைகழுவினார், நிறைய நேரம்.

"நாளைக் காலைல எடுத்துரலாம். எதுவரைக்கும்னு உள்ள போய்த்தான் தெரியும்."

பார்வதி ராத்திரிக்கு அங்கேயே தங்கிவிட்டாள்.

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். மகளுக்குக் காலை நாலு மணிக்குப் பிறந்திருக்கிறது. பேரன். தாயும் பிள்ளையும் நலம். ஓடி வருகிறேன் என்றார் அவன் மனைவி. நான்தான், அவசரமில்லை என்றேன். எடை எவ்வளவு என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. மூன்று கிலோவாம்.

கோ.நா.விடம் சொன்னதும், "நம்பர் என்ன?" என்றான். தேதி 27, கூட்டினால் ஒன்பது. ஒன்பது செவ்வாய்க் கிரகத்தின் எண், முருகனுக்கு உகந்தது, சூரசம்ஹார நாள் வேறு. அழுதுவிட்டான். "பாத்தியளா அத்தான், நல்லது தொடங்கிட்டு."

28.10, செவ்வாய்

வெயில். தெருவில் தறிகள் ஓடுகின்றன. காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி போனேன். பார்வதிக்கு இட்லி, பிளாஸ்கில் காப்பி.

உள்ளே போகும்முன் கோ.நா. திருநீறு கேட்டான். பூசிவிட்டேன். மார்க்கெட்டில் இன்று மல்லி விலை என்ன என்று கேட்டான். தெரியாது என்றேன். "விசாரிச்சு வைங்க, வந்து கேக்குதேன்" என்றான். நல்ல தைரியம். நம்பரை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிக்கொண்டான், முதல் ஒன்றை விட்டுவிட்டு.

எட்டே முக்காலுக்குக் கதவை மூடினார்கள்.

பத்து மணிக்கு முத்துக்குமார் போன். "சார், உங்க மச்சினர் எப்படி இருக்கார்? அட்மிட் ஆயிட்டாரா?" ஆகிவிட்டான் என்றேன். "நல்லவேள சார். எந்த நம்பர்ல?" சொன்னேன். மனதுக்குள் வகுத்திருப்பான்.

பார்வதி காப்பியைத் தொடவில்லை. பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். ஒருவர் வந்து கேட்டார்; உட்காரச் சொன்னேன். சீட்டை மடியில் வைத்திருந்தார். நான் பார்க்கவில்லை.

11.20. டாக்டரம்மா வெளியே வந்தார். இடது கால், முழங்காலுக்கு நான்கு அங்குலம் கீழே.